தன்னியக்க வண்டிகளின் வழியுரிமை ஒருங்கிணைப்பு

தன்னியக்க வண்டிகளின் வழியுரிமை ஒருங்கிணைப்பு என்பது, ஓட்டுநர் இன்றித் தாமே இயங்கும் பல வண்டிகள் ஒரே சாலைப்பரப்பைக் கடக்க முற்படும்போது, எந்த வண்டி முதலில் செல்வது, எது எவ்வளவு நேரம் பொறுத்திருப்பது என்பதைக் கணித உகப்பாக்க முறைகளைக் கொண்டு முடிவு செய்வதாகும். வழியுரிமை என்பது சாலையின் ஒரு பகுதியைப் பிறருக்கு முன்னர் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை. மனிதர் ஓட்டும் வண்டிகளுக்கு இவ்வுரிமையைச் சாலை விதிகளும், சைகை விளக்குகளும், போக்குவரத்துக் காவலரின் கையசைப்பும் வழங்குகின்றன. வண்டிகள் தமக்குள்ளும், சந்தியில் அமைந்த கணினியோடும் வானலை வழியே செய்தி பரிமாறிக்கொள்ள இயலுமாயின், ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே, நொடியின் பின்னங்கள் வரை துல்லியமாக, கடக்கும் நேரத்தை ஒதுக்கலாம் என்பதே இத்துறையின் அடிப்படைக் கருத்து.

நெடுஞ்சாலையில் கிளைச்சாலை வந்து இணையும் இடம், சுற்றுச்சந்தி, ஒரு வண்டி மட்டுமே செல்லத்தக்க குறுகிய பாலம் ஆகியவற்றிலும் இச்சிக்கல் எழுகிறது. எனினும் ஆய்வுகளின் பெரும்பகுதி நாற்சந்தியைப் பற்றியதாகவே இருப்பதால், இக்கட்டுரையும் அதனையே மையமாகக் கொள்கிறது.

சாலை விதிகளும் சைகை விளக்குகளும்

சந்தியில் யார் முதலில் செல்வது என்னும் கேள்வி தானுந்துகளுக்கும் முந்தியது. இலண்டனில் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு அருகே 1868 டிசம்பரில் நிறுவப்பட்ட, வளிம விளக்கு பொருத்திய கைகாட்டிக் கம்பமே உலகின் முதல் போக்குவரத்துச் சைகையாகக் கருதப்படுகிறது. தொடர்வண்டித்துறைப் பொறியாளரான ஜே. பி. நைட் என்பவர் இதனை வடிவமைத்தார். குதிரை வண்டிகளை ஒழுங்குபடுத்த வந்த இக்கம்பம் சில வாரங்களிலேயே வெடித்து, அதனை இயக்கிய காவலரைக் காயப்படுத்தியது. மின்சாரத்தால் இயங்கும் சைகை விளக்கு 1914 ஆகஸ்ட் 5 அன்று ஐக்கிய அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் நிறுவப்பட்டது. விளக்கு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற வேண்டும் என்பதைக் கணக்கிட, பிரித்தானியாவின் சாலை ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த எஃப். வி. வெப்ஸ்டர் 1958இல் வெளியிட்ட வாய்பாடு இன்றும் பொறியியல் மாணவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது. வழியுரிமையைக் கணக்கால் பங்கிடும் முயற்சிகளுள் அது முன்னோடி எனலாம். ஆனால் அது பங்கிடுவது வண்டிகளுக்கு அன்று, சாலைகளுக்கு. பச்சை எரியும் சாலையில் வண்டியே இல்லாவிடினும் மறுசாலையில் நிற்பவர் காத்திருக்கத்தான் வேண்டும்.

விளக்கு இல்லாத சந்திகளில் விதிகள் செயற்படுகின்றன. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை, வலப்புறமாக வண்டி ஓட்டும் நாடுகளில் வலப்பக்கமிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும் என்னும் விதியைக் கொண்டுள்ளது. இடப்புறமாக ஓட்டும் இந்தியாவிலும், 1989ஆம் ஆண்டின் சாலை விதிகள் முதன்மைச் சாலை அல்லாத சந்திகளில் வலக்கைப் பக்கமிருந்து வரும் வண்டிகளுக்கு வழிவிடுமாறு கூறின. இவ்வகை விதி எளியது. ஆயினும் முழுமையானது அன்று. நான்கு திசைகளிலிருந்தும் நான்கு வண்டிகள் ஒரே கணத்தில் வந்து சேர்ந்தால், ஒவ்வொரு வண்டிக்கும் வலப்பக்கத்தில் இன்னொன்று இருக்கும். விதியைப் பிசகாது பின்பற்றினால் நான்கும் என்றென்றும் நிற்க வேண்டியதுதான். கணினியியலில் இதனை முடக்கநிலை என்பர். இது தோன்றுவதற்கான நான்கு நிபந்தனைகளைக் காஃப்மன் முதலானோர் 1971இல் வரையறுத்தனர். அவற்றுள் ஒன்று, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் வட்டம் உருவாவது. மனிதர் தலையசைத்தோ, கை காட்டியோ, சற்று முன்னே நகர்ந்து பார்த்தோ இவ்வட்டத்தை உடைத்துவிடுவர். இயந்திரத்துக்கு அதனைச் சொல்லித்தர வேண்டும்.

சிக்கலைக் கணிதமாக்குதல்

ஒரு தடமே கொண்ட சாலைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் நாற்சந்தியில், நேராகவும் இடமாகவும் வலமாகவும் செல்லும் பாதைகள் எல்லாவற்றையும் வரைந்தால், அவை ஒன்றையொன்று தொடும் புள்ளிகள் 32 ஆகும். இவற்றுள் 16 குறுக்கே வெட்டுபவை, 8 இணைபவை, 8 பிரிபவை. இரு வண்டிகளின் பாதைகளுக்குப் பொதுவான புள்ளி எதுவும் இல்லையெனில் அவை ஒரே நேரத்தில் செல்லலாம். பொதுப்புள்ளி இருந்தால் ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் செல்ல வேண்டும். இவ்வளவே சிக்கலின் உள்ளடக்கம். எஞ்சியவை எல்லாம் விரிவுகள்.

ஒவ்வொரு வண்டியும் சந்திக்குள் நுழையும் நேரம் அறியப்படாத மாறியாகக் கொள்ளப்படுகிறது. இதன்மீது மூன்று வகைக் கட்டுப்பாடுகள் உள்ளன. முதலாவது, வண்டி தன் வேக, முடுக்க எல்லைகளுக்கு உட்பட்டு எவ்வளவு விரைவாக வந்து சேர முடியுமோ, அதற்கு முன்னர் நுழைய முடியாது. இரண்டாவது, ஒரே தடத்தில் பின்னால் வருவது முன்னால் செல்வதை முந்தாமல், குறித்த இடைவெளி விட்டே நுழைய வேண்டும். மூன்றாவதே கடினமானது. வெட்டிக்கொள்ளும் பாதைகளில் வரும் க1, வ1 என்னும் இரு வண்டிகளுக்கு இடையே 2.5 நொடி இடைவெளி வேண்டுமெனில்,

நே(க1) + 2.5 ≤ நே(வ1) அல்லது நே(வ1) + 2.5 ≤ நே(க1)

என எழுத வேண்டும். இங்கு நே என்பது நுழையும் நேரம். இரண்டில் எந்தச் சமனிலி பொருந்த வேண்டும் என்பது முன்கூட்டித் தெரியாது. அதனைத் தெரிவு செய்வதுதான் வழியுரிமை வழங்குதல். 'அல்லது' என்னும் சொல்லை நேரியல் சமனிலிகளால் நேரடியாக எழுத இயலாது. எனவே 0 அல்லது 1 என்னும் மதிப்பை மட்டும் ஏற்கும் மு என்னும் மாறியும், பெ என்னும் மிகப்பெரிய எண்ணும் சேர்க்கப்படுகின்றன.

நே(க1) + 2.5 ≤ நே(வ1) + பெ × (1 − மு)
நே(வ1) + 2.5 ≤ நே(க1) + பெ × மு

மு = 1 எனில் முதற் சமனிலி மட்டும் பயன்பெறும்; க1 முந்தும். மு = 0 எனில் வ1 முந்தும். இவ்வாறு முழுவெண் மாறிகளும் தொடர் மாறிகளும் கலந்த நேரியல் நிரலாக்கச் சிக்கலாக இது மாறுகிறது. தொழிற்சாலையில் பல வேலைகளைச் சில இயந்திரங்களில் எந்த வரிசையில் செய்வது என்னும் வேலை ஒழுங்கமைப்புச் சிக்கலும் இதே வடிவினதே. அங்கு இயந்திரம், இங்கு சாலைத்துண்டு. அங்கு வேலை, இங்கு வண்டி.

எதனைக் குறைக்க வேண்டும் என்பதும் சொல்லப்பட வேண்டும். மொத்தக் காலத்தாழ்ச்சி, கடைசி வண்டி வெளியேறும் நேரம், எரிபொருட் செலவு, மிக அதிகமாகக் காத்திருப்பவரின் காத்திருப்பு என்பன வழக்கமான குறிக்கோள்கள். இத்தெரிவு கணிதத்தால் கிடைப்பது அன்று. அதனைச் செய்பவர் மனிதரே.

எடுத்துக்காட்டு

கிழக்கு மேற்காகச் செல்லும் சாலையில் க1, க2 என்னும் இரு வண்டிகளும், வடக்கு தெற்காகச் செல்லும் சாலையில் வ1, வ2 என்னும் இரு வண்டிகளும் வருவதாகக் கொள்வோம். தடையின்றி வந்தால் க1 தொடக்கத்திலேயே, அதாவது 0 நொடியிலும், வ1 0.5 நொடியிலும், க2 1 நொடியிலும், வ2 1.5 நொடியிலும் சந்தியை அடையும். ஒரே சாலையில் அடுத்தடுத்து நுழைய 1 நொடியும், சாலை மாறும்போது 2.5 நொடியும் இடைவெளி தேவை.

வந்த வரிசையிலேயே விட்டால் க1, வ1, க2, வ2 என அமையும். நுழையும் நேரங்கள் முறையே 0, 2.5, 5, 7.5 நொடிகள். காலத்தாழ்ச்சிகள் 0, 2, 4, 6. மொத்தம் 12 நொடி. மாறாக க1, க2 இரண்டையும் விட்டபின் வ1, வ2 ஆகியவற்றை விட்டால், நேரங்கள் 0, 1, 3.5, 4.5 ஆகின்றன. காலத்தாழ்ச்சிகள் 0, 0, 3, 3. மொத்தம் 6 நொடி மட்டுமே. ஒரே சாலையில் முந்துதல் இல்லை என்பதால் இயலக்கூடிய வரிசைகள் ஆறுதான். எஞ்சிய நான்கையும் கணக்கிட்டுப் பார்த்தால், வ1, வ2, க1, க2 என்பதற்கு 8 நொடியும், க1, வ1, வ2, க2 என்பதற்கு 9 நொடியும், வ1, க1, க2, வ2 என்பதற்கு 11 நொடியும், வ1, க1, வ2, க2 என்பதற்கு 14 நொடியும் கிடைக்கின்றன. முதலில் வந்தவருக்கே முதல் உரிமை என்னும், எவருக்கும் நியாயமாகத் தோன்றும் விதி, ஆறு வரிசைகளுள் ஐந்தாம் இடத்தையே பெறுகிறது. சாலை மாறும் ஒவ்வொரு முறையும் 1.5 நொடி வீணாவதே காரணம். ஆயினும் சிறந்த வரிசையில் வ1 மட்டும் 2 நொடிக்குப் பதிலாக 3 நொடி காத்திருக்க நேர்கிறது என்பதையும் காண்க.

கணக்கிடுவதன் கடினம்

நான்கு வண்டிகளுக்கு ஆறு வரிசைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நான்கு தடங்களில், தடத்துக்கு ஐந்தாக 20 வண்டிகள் வருமானால், தடத்துக்குள் முந்துதல் இல்லையென்று கொண்டாலும், வரிசைகளின் எண்ணிக்கை 1173 கோடியைத் தாண்டும். பொதுநிலையில் இச்சிக்கல் கணினியியலார் மிகக்கடினமானவை என வகைப்படுத்தும் தொகுப்பைச் சேர்ந்தது; உள்ளீடு பெருகும்போது எல்லா நேர்வுகளையும் விரைவாகத் தீர்க்கும் படிமுறை எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. பெ என்னும் பெரிய எண்ணைப் பயன்படுத்துவதும் ஒரு குறைபாட்டைக் கொண்டுவருகிறது. தீர்வு தேடும் மென்பொருள் முதலில் மு என்பதை 0.5 போன்ற பின்னமாகவும் இருக்க விட்டுக் கணக்கிட்டுப் பார்க்கும். அப்போது இரு சமனிலிகளுமே தளர்ந்து, இரு வண்டிகளும் ஒரே நேரத்தில் செல்லலாம் என்பது போன்ற பயனற்ற விடை கிடைக்கும். அதனால் கிளைகளை வெட்டி விலக்குவது தாமதமாகிறது.

இருப்பினும் நடைமுறையில் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சந்தி முழுவதையும் ஒரே வளமாகக் கருதி, கடைசி வண்டி வெளியேறும் நேரத்தைக் குறைப்பதே குறிக்கோள் எனில், இயங்குநிலை நிரலாக்கம் என்னும் முறை பெரிதும் உதவும். ஒவ்வொரு தடத்திலும் எத்தனை வண்டிகள் சென்றுவிட்டன, கடைசியாகச் சென்றது எந்தத் தடத்து வண்டி என்னும் இரண்டே செய்திகள் ஒரு நிலையை வரையறுக்கப் போதும். மேற்கண்ட 20 வண்டிகளுக்கு இத்தகைய நிலைகள் 5184க்கு மேற்படா. அந்நிலையை எவ்வழியில் அடைந்தோம் என்பதை மறந்துவிடலாம். மிக விரைவில் அடைந்த வழியை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மொத்தக் காலத்தாழ்ச்சியைக் குறைக்க வேண்டுமானால் இவ்வாறு ஒரே வழியை மட்டும் வைத்திருக்க இயலாது. ஒவ்வொரு நிலைக்கும் சில மாற்றுவழிகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

லி லி, ஃபெய்-யுவே வாங் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், கடக்கும் வரிசைகளை மரவடிவில் கிளைபரப்பித் தேடும் முறையைக் கையாண்டனர். கிளெம்சன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபயாசி, வாகிதி இருவரும் 2018இல் முழுவெண் கலந்த நேரியல் நிரலாக்கத்தைக் கொண்டு வண்டிகள் வந்துசேர வேண்டிய நேரங்களை ஒதுக்கும் முறையை வெளியிட்டனர். வண்டிகள் ஓயாது வந்துகொண்டே இருப்பதால் கணக்கை ஒருமுறை தீர்த்துவிட்டு ஓய்ந்திருக்க முடியாது. அடுத்த சில பத்து நொடிகளை மட்டும் உள்ளடக்கிய காலச்சாளரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, புதிய வண்டிகள் வரவர மீண்டும் மீண்டும் தீர்ப்பதே வழக்கம்.

முன்பதிவு முறை

இத்துறையில் மிகுதியாகப் பேசப்படுவது, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் டிரெஸ்னர், பீட்டர் ஸ்டோன் ஆகியோர் 2004இல் முன்வைத்து, 2008இல் விரிவாக வெளியிட்ட முன்பதிவு முறையாகும். இதில் சந்தியின் பரப்பு சதுரங்கப் பலகைபோலச் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்படுகிறது. நெருங்கிவரும் வண்டி, தான் வரும் நேரம், வேகம், அளவு, செல்ல விரும்பும் திசை ஆகியவற்றைச் சந்திக் கணினிக்கு அறிவிக்கிறது. கணினி அவ்வண்டியின் பயணத்தை உருவகித்துப் பார்த்து, எந்தெந்தக் கணத்தில் எந்தெந்தக் கட்டங்களை அது நிறைக்கும் எனக் கணக்கிடுகிறது. அவை அனைத்தும் வெறுமையாக இருந்தால் இடம் உறுதி; ஒன்றேனும் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தால் மறுப்பு. மறுக்கப்பட்ட வண்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு மீண்டும் கேட்கும். தொடர்வண்டியில் இருக்கை பதிவு செய்வதை ஒத்தது இது.

இம்முறையின் வலிமை உகப்பாக்கத்தில் இல்லை, எளிமையில் உள்ளது. கேட்ட வரிசையிலேயே வழங்குவதால் மேற்கண்ட எடுத்துக்காட்டில் கண்ட வீணடிப்பு இதிலும் நேரலாம். லெவின், பாய்ல்ஸ், பட்டேல் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வு, பெருஞ்சாலையும் சிறுசாலையும் சந்திக்கும் இடம் போன்ற சில அமைப்புகளில் இத்தகைய முன்பதிவு பழைய சைகை விளக்கைவிடவும் மிகுந்த காலத்தாழ்ச்சியை உண்டாக்கக்கூடும் எனக் காட்டியது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தினர் உள்ளிட்ட குழுவினர், வண்டிகளைச் சிறு குழுக்களாகச் சேர்த்து விடும் முறையால் சந்தியின் கொள்ளளவைச் சைகை விளக்கோடு ஒப்பிட ஏறத்தாழ இருமடங்காக்கலாம் என்றனர். இரு முடிவுகளும் முரண்பட்டவை அல்ல. யாரை யாருக்குப் பின் விடுவது என்னும் தெரிவிலேயே ஆதாயம் தங்கியுள்ளது என்பதை இரண்டும் இருபுறமிருந்து காட்டுகின்றன.

நேரத்திலிருந்து வேகத்துக்கு

நுழையும் நேரம் ஒதுக்கப்பட்டபின், அந்நேரத்தில் தக்க வேகத்தோடு வந்து சேருவது வண்டியின் பொறுப்பு. இதுவே ஆதாயத்தின் பெரும்பகுதிக்குக் காரணம் என்பதால் சற்று விரிவாகக் காண்போம்.

நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டியின் முன்முனை 20 மீட்டர் அகலமான சந்தியைக் கடக்க ஏறத்தாழ 1.3 நொடி போதும். அதே வண்டி சந்தியின் விளிம்பில் நின்று, நொடிக்கு நொடி 2 மீட்டர் என்னும் முடுக்கத்தில் புறப்பட்டால், அதே 20 மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 4.5 நொடி ஆகும். நின்று புறப்படும் வண்டி சந்தியை மும்மடங்குக்கும் மேலான நேரம் அடைத்துக்கொள்கிறது. ஆகவே வண்டியை விளிம்புவரை வரவிட்டு நிறுத்துவதைவிட, தொலைவிலேயே மெதுவாக்குவது மேலானது. 150 மீட்டருக்கு அப்பால் உள்ள வண்டி தன் இயல்பான வேகத்தில் 10 நொடியில் வந்துவிடும். அதற்கு 4 நொடி தாமதித்த நேரம் ஒதுக்கப்பட்டால், சராசரி வேகத்தை நொடிக்கு 10.7 மீட்டராகக் குறைத்துக்கொண்டால் போதும், நிற்கவே வேண்டியதில்லை. முன்கூட்டியே அறிவதன் பயன் இதுதான்.

இவ்வேகமாற்றத்தையும் உகந்ததாக்கலாம். சாங், மலிகோபுலோஸ், கசாண்ட்ராஸ் ஆகியோர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், முடுக்கத்தின் இருபடியைப் பயண நேரம் முழுவதும் கூட்டிப் பெறும் தொகை எரிபொருட் செலவுக்கு மாற்றளவாகக் கொள்ளப்பட்டது. வேக, முடுக்க எல்லைகள் குறுக்கிடாதபோது, இத்தொகையைச் சிறுமமாக்கும் பயணத்தில் முடுக்கம் நேரத்துக்கு ஏற்ப நேர்கோட்டில் மாறும். வண்டியின் இடநிலை நேரத்தின் முப்படிச் சார்பாக அமையும். நான்கு கெழுக்களைக் கண்டால் பயணம் முழுவதும் தீர்மானமாகிவிடுவதால் வண்டியிலுள்ள சிறு கணினியே இதனை நொடிப்பொழுதில் செய்துவிடும்.

பாதுகாப்பும் செய்தித்தொடர்பும்

சிறந்த வரிசையைக் கண்டுபிடிக்கத் தவறினால் சில நொடிகள் வீணாகும். வரிசையைப் பற்றி இரு வண்டிகள் வெவ்வேறாக நினைத்துவிட்டால் மோதல் நிகழும். எனவே உகப்பாக்கத்தின் விடை எவ்வளவு சிறந்தது என்பதைவிட, விடை வராமற்போனால் என்ன ஆகும் என்பதே முதன்மையான கேள்வி. டிரெஸ்னர், ஸ்டோன் முறையில் இதற்கு விடை எளியது: உறுதி கிடைக்காத வண்டி சந்திக்குள் நுழையக்கூடாது. செய்தி வானலையில் தொலைந்துபோனாலும் வண்டி நிற்கும். காலம் விரயமாகுமே தவிர உயிர்ச்சேதம் நேராது. இதற்காக ஒவ்வொரு வண்டியும் விளிம்புக்கு முன்னரே நிற்கத்தக்க தொலைவைக் கையிருப்பில் வைத்திருக்க வேண்டும். நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில், நொடிக்கு நொடி 3 மீட்டர் வேகத்தைக் குறைக்கும் மிதமான தடையிடலுக்கு 37.5 மீட்டர் தேவை.

கொலம்போ, தெல் வெக்கியோ இருவரும் 2012இல் வேறொரு கோணத்தில் அணுகினர். அவர்களது மேற்பார்வைக் கணினி வண்டிகளைத் தானே ஓட்டுவதில்லை. ஓட்டுபவர் விருப்பப்படி செல்லவிட்டு, இதற்கு மேல் விட்டால் எந்த வரிசையாலும் மோதலைத் தவிர்க்க இயலாது என்னும் எல்லைக்கு வரும்போது மட்டும் குறுக்கிடும். அவ்வெல்லையைக் கண்டறிவதும் கெடுநேரத்துடன் கூடிய வேலை ஒழுங்கமைப்புச் சிக்கலாகவே முடிகிறது என அவர்கள் நிறுவினர்.

செய்திப் பரிமாற்றத்துக்கு உரிய வானலைகளும் ஒரு தடைதான். ஐக்கிய அமெரிக்கா 1999இல் 5.9 கிகாஏர்ட்சு பட்டையில் 75 மெகாஏர்ட்சு அகலத்தைப் போக்குவரத்துத் தொடர்புக்கென ஒதுக்கியது. இதற்கான கம்பியில்லாத் தொடர்புச் சீர்தரம் 2010இல் வெளியானது. எனினும் பயன்பாடு பரவாததால் 2020இல் அவ்வொதுக்கீடு 30 மெகாஏர்ட்சாகக் குறைக்கப்பட்டது. செய்தி 0.1 நொடி தாமதித்தால் மேற்கண்ட வண்டி 1.5 மீட்டர் நகர்ந்திருக்கும் என்பதால், ஒதுக்கும் இடைவெளிகளில் இத்தகைய பிழைகளுக்கும் இடம் விடப்படுகிறது.

யார் காத்திருப்பது?

மொத்தக் காலத்தாழ்ச்சியைக் குறைத்தல் என்பது கேட்பதற்கு நடுநிலையானதாகத் தோன்றும். முன்னர்க் கண்ட இடைவெளிகளையே கொண்டு, பெருஞ்சாலையில் நொடிக்கு ஒன்றாக வண்டிகள் தொடர்ந்து வருவதாகவும், சிறுசாலையில் ஒரே ஒரு வண்டி காத்திருப்பதாகவும் கொள்க. அதனை இடையில் விட்டால், பின்வரும் ஒவ்வொரு வண்டியும் 4 நொடி தாமதிக்கும். இன்னும் 10 வண்டிகள் தொடராக வரவிருந்தால் இழப்பு 40 நொடி. அவை போகும்வரை சிறுசாலை வண்டியை நிறுத்தி வைத்தால் இழப்பு 10 நொடி மட்டுமே. தொடரின் நீளம் எதுவாயினும் விடை இதுவே. தொடர் முடியாதிருக்கும்வரை உகப்பாக்கி சிறுசாலை வண்டிக்கு வழிவிடப்போவதில்லை. நகரின் பெருவழிகளை ஒட்டி வாழ்பவர் விரைந்து செல்லவும், உட்தெருக்களில் வாழ்பவர் காத்துக் கிடக்கவும் நேரும். இதில் கணக்குப் பிழை ஏதுமில்லை; கேட்ட கேள்விக்கு உரிய சரியான விடையே வந்துள்ளது.

இதனைத் தவிர்க்க, காத்திருப்பின் இருபடியைக் கூட்டுவது, ஒருவர் காத்திருக்கக்கூடிய உச்சநேரத்தைக் கட்டுப்பாடாகச் சேர்ப்பது, நேரம் செல்லச் செல்ல வண்டியின் எடையைக் கூட்டுவது போன்ற வழிகள் உள்ளன. பேருந்தில் 50 பேர் இருந்தால் அதற்கு 50 மடங்கு எடை தரலாம் என்பதும் வாதத்துக்குரியதே. நோயாளர் ஊர்திக்கும் தீயணைப்பு ஊர்திக்கும் தனி முதன்மை தருவதில் கருத்து வேறுபாடு இல்லை.

கருத்து வேறுபாடு மிகுந்திருப்பது ஏலமுறையில். வசிரானி, ஒசோவ்ஸ்கி ஆகியோர் 2012இலும், கார்லினோ, பாய்ல்ஸ், ஸ்டோன் ஆகியோர் 2013இலும் வெளியிட்ட ஆய்வுகளில் வண்டிகள் வழியுரிமையை விலை கேட்டுப் பெறும் முறைகள் ஆராயப்பட்டன. அவசரமுள்ளவர் தம் அவசரத்தை வெளிப்படுத்த இது வழி செய்கிறது என்பது இதன் சார்பான வாதம். பணமுள்ளவரின் அவசரம் மட்டுமே கணக்கில் ஏறும் என்பது எதிர்வாதம். பொதுச்சாலையில் நிற்பவர் அனைவரும் அதற்கு வரி செலுத்தியவர்களே என்பதால் எதிர்வாதத்தைப் புறந்தள்ளுதல் எளிதன்று. பணத்துக்குப் பதிலாக எல்லோருக்கும் சம அளவில் செலவுப்புள்ளிகள் வழங்கும் திட்டங்களும் பேசப்படுகின்றன.

நடப்பவரும் பிற வண்டிகளும்

சைகை விளக்கே இல்லாத சந்தியில் வண்டிகள் மயிரிழை இடைவெளியில் ஒன்றையொன்று ஊடறுத்துப் பாயும் உருவகப் படங்கள் பார்ப்போரை வியக்கவைப்பவை. அவற்றுள் பெரும்பாலானவற்றில் நடந்து செல்வோர் ஒருவரும் இல்லை. நடப்பவர் வானலையில் முன்பதிவு கேட்பதில்லை. 20 மீட்டரைக் கடக்க அவருக்கு ஏறக்குறைய 15 நொடியும், முதியவருக்கு அதனினும் கூடுதலாகவும் ஆகும். அத்தனை நேரம் வெறுமையாக விட வேண்டிய கட்டங்களை உகப்பாக்கி இழப்பாகவே காணும். மிதிவண்டிகளும் மாட்டுவண்டிகளும் தடம் பேணாத இருசக்கர ஊர்திகளும் கலந்தோடும் நகரங்களில் இச்சிக்கல் இன்னும் பெரிது.

மனிதர் ஓட்டும் வண்டிகளும் சேர்ந்து செல்லும் இடைக்காலத்துக்கென டிரெஸ்னரும் ஸ்டோனும் 2007இல் ஒரு கலப்புமுறையை வெளியிட்டனர். சைகை விளக்கு மனிதருக்காக வழக்கம்போல் எரியும். தன்னியக்க வண்டிகளோ சிவப்பு எரியும்போதும் முன்பதிவு பெற்று, பச்சை உள்ள தடத்தின் பாதைகளைத் தொடாமல் செல்லலாம். மனித வண்டிகளின் விகிதம் மிகுந்திருக்கும்வரை ஆதாயம் சிறிதாகவே இருக்கும்.

களச் சோதனைகள்

2007 நவம்பர் 3 அன்று கலிபோர்னியாவின் விக்டர்வில் நகரில், பயன்பாடற்ற வான்படைத் தளத்தில் நடைபெற்ற தார்ப்பா நகர்ப்புறப் போட்டியில், தன்னியக்க வண்டிகள் பிற வண்டிகளோடு கலந்து சந்திகளைக் கடக்க வேண்டியிருந்தது. இறுதிச்சுற்றில் 11 வண்டிகள் புறப்பட்டன, 6 முடித்தன. கார்னெகி மெலன் பல்கலைக்கழகம் முன்னின்ற குழுவின் 'பாஸ்' என்னும் வண்டி வென்றது. இங்கு வண்டிகளுக்குள் செய்தித்தொடர்பு இல்லை. நான்கு பக்கமும் நின்று செல்லும் சந்தியில், முதலில் வந்து நின்றது எது என்பதை ஒவ்வொரு வண்டியும் தன் உணரிகளால் கண்டறிந்தே முறை பேண வேண்டியிருந்தது. அப்போட்டியில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், கார்னெல் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் வண்டிகள் மெதுவான வேகத்தில் மோதிக்கொண்டன. ஒன்றின் எண்ணத்தை மற்றொன்று ஊகிக்க இயலாமையும் இதற்குக் காரணமாகச் சுட்டப்பட்டது.

அதே போட்டிக்கென உருவான ஆஸ்டின் குழுவின் 'மார்வின்' என்னும் வண்டியைக் கொண்டு, உண்மை வண்டி ஒன்று கணினியில் மட்டும் உலவும் கற்பனை வண்டிகளோடு சந்தியைப் பகிரும் சோதனை 2010இல் வெளியிடப்பட்டது. மோதினாலும் சேதமில்லை என்பதால் இத்தகைய கலப்புச் சோதனைகள் வசதியானவை. பல குழுக்களின் உண்மை வண்டிகள் செய்தித்தொடர்பின் வழி ஒத்துழைத்துச் சந்தியைக் கடக்கும் போட்டி, 2016 மே மாதத்தில் நெதர்லாந்தின் எல்மண்டு நகரில் நடைபெற்றது.

2025 டிசம்பர் 20 அன்று சான் பிரான்சிஸ்கோ நகரில் ஏற்பட்ட பெரும் மின்தடை, திட்டமிடாத சோதனையாக அமைந்தது. சைகை விளக்குகள் அணைந்த சந்திகளில் வேமோ நிறுவனத்தின் ஓட்டுநரற்ற தானுந்துகள் பல ஆங்காங்கே நின்றுவிட்டன; சேவை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. அணைந்த விளக்குள்ள சந்தியை நான்கு பக்கமும் நின்று செல்லும் சந்தியாகக் கருத அவை நிரலாக்கப்பட்டிருந்தன. ஆனால் ஐயம் எழும்போது தொலைவிலுள்ள பணியாளரிடம் உறுதி கேட்கும் வழக்கமும் அவற்றுக்கு இருந்தது. ஊரெங்கும் ஒரே நேரத்தில் ஐயம் எழவே கேள்விகள் குவிந்து விடைகள் தாமதித்தன என்று அந்நிறுவனம் பின்னர் விளக்கியது. விளக்கோ மையக் கணினியோ இல்லாத வேளையில் வண்டிகள் தமக்குள் வரிசையை முடிவு செய்துகொள்ளும் பரவலாக்கப்பட்ட முறைகளின் தேவைக்கு இந்நிகழ்வு சான்றாகக் காட்டப்படத்தக்கது.

பிற துறைகளில்

ஒற்றைத் தடத் தொடர்வண்டிப் பாதையில் எதிரெதிரே வரும் வண்டிகளுள் எதனைக் கிளைத்தடத்தில் நிறுத்துவது என்பது இதே சிக்கலின் மூத்த வடிவம். மாசிஸ், பச்சரேலி இருவரும் 2002இல் வகுத்த மாற்றுவரைபட முறை தொடர்வண்டிப் போக்குவரத்தைச் சீரமைக்கும் ஆய்வுகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. பண்டகசாலைகளில் அடுக்குகளைச் சுமந்து செல்லும் நூற்றுக்கணக்கான இயந்திரங்களுக்கு மோதலற்ற பாதை வகுக்க, ஷாரோன் முதலானோர் 2012இல் வெளியிட்ட முரண்வழித் தேடல் முறையும் அதன் வழிவந்தவையும் ஆராயப்படுகின்றன. நடப்பவர் இல்லாத, வண்டிகள் எல்லாம் ஒரே உரிமையாளருக்குச் சொந்தமான பண்டகசாலை, துறைமுகச் சரக்குமுனையம், சுரங்கம் போன்ற இடங்களில் வழியுரிமையைக் கணினி பங்கிடுவது ஏற்கெனவே அன்றாட நடைமுறையாகிவிட்டது.